அடிவயிற்றில் சீழா? டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்

மகளிர் வார்டில் 26 வருடம் சிஸ்டராக இருந்தவள் நான். கருக்குழாயிலும் சினைப்பையிலும் சீழ் கட்டி வரும் பெண்களில் பலருக்கும் கீழிருந்து மேலேறிய தொற்றுதான் காரணம். ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியோ குழாயோ விட்டுச் சீழை எடுப்பார்கள். இந்தக் கணக்குக்குள் அடங்காத சிலர் உண்டு. அவர்களுக்கு வைத்தியம் தாமதமாவது பெரும்பாலும் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லாமல் விடுவதால்தான்.

ஒரு அம்மாவுக்கு வயிற்றில் கல் மாதிரிக் கட்டி. புற்றுநோய் என்றே நினைத்து ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டிருக்கிறதா என்று கேட்டேன். "அது எப்பவோ போட்டது சிஸ்டர், கரைஞ்சு போயிருக்கும்" என்றார். கரையவில்லை, 14 வருடமாக உள்ளேயே இருந்தது. காப்பர்-டி வெகுகாலம் கிடந்தால் ஆக்டினோமைசஸ் என்ற கிருமி சிலருக்கு அதைச் சுற்றி வளரும். சீழில் மஞ்சள் மணல் போலத் துகள் தெரியலாம். மெதுவாக வளரும் கிருமி என்பதால், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டைச் சீக்கிரம் தூக்கிப் போட வேண்டாம் என்று லேபுக்குச் சொல்லிவைக்க வேண்டும். காப்பர்-டியை எடுத்துவிட்டு, பென்சிலினைச் சில வாரம் ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் கொடுப்பார்கள். வழக்கமாக 6 முதல் 12 மாதம் ஆகும். காய்ச்சல் விட்டதே என்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும்.

அடுத்தது டிபி. இருமலே இருக்காது. குழந்தை தங்கவில்லை, மாதவிலக்கு குறைந்துவிட்டது, உடம்பு இளைக்கிறது என்றுதான் வருவார்கள். வீட்டில் யாருக்காவது டிபி இருந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சீழோ சதையோ எடுக்கும்போது, "டிபி டெஸ்டுக்கும் போகுமா?" என்று கேளுங்கள். எல்லாவற்றையும் சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் மருந்தில் போட்டுவிட்டால் கிருமி செத்துப்போகும், கல்ச்சர் பண்ண முடியாது. ஒரு பங்கைத் தனியாக, சுத்தமான பாட்டிலில் சலைனோடு அனுப்ப வேண்டும். சாதாரண டிபி என்றால் மருந்து 6 மாதம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

குடல்வால் வெடித்தாலும் சீழ் கீழே இறங்கித் தேங்கும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி உள்ளவர்களுக்குச் சில சமயம், குழந்தைக்கான சிகிச்சையில் கருமுட்டை எடுத்தபின் சீழ் வரும். மாதவிலக்கு நின்றவர்களுக்குச் சீழ் கட்டினால், அதன் பின்னால் புற்றுநோய் இருக்கிறதா, குடலில் கோளாறா என்று பார்த்தே ஆக வேண்டும். அதில் சமாதானமே கூடாது.

திடீரென வயிறு முழுக்க வலி பரவி, குளிர்ஜுரமும் மயக்கமும் வந்தால் கட்டி உடைந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மற்றபடி, போகும்போது ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: காப்பர்-டி, டிபி, பழைய ஆபரேஷன், குழந்தைக்காக எடுத்த சிகிச்சை. காப்பர்-டி போட்ட வருடம் மறந்துவிட்டதா? சரி, எந்தப் பிள்ளை பிறந்தபின் போட்டது என்று எழுதுங்கள். நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்வோம்.