டயாலிசிஸ் குடும்பங்களின் ஆதரவுக் குழு: நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், டயாலிசிஸ் செய்துகொள்வோரின் குடும்பத்தாருக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழுவை நடத்தி வருகிறோம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டிய ஒருவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கு, அதே நிலையில் இருக்கும் இன்னொருவரின் சொல் எவ்வளவு தெம்பு தரும் என்பதைக் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். அந்தத் தெம்பு குலைந்த நாட்களும் உண்டு. பெரும்பாலும் அவற்றுக்குக் காரணம் நடத்துகிற எங்களுடைய பிழைகளே.

அவற்றில் முதன்மையானது, காரணம் சொல்லாமல் பதிவுகளை நீக்கியது. எல்லாரும் மாமா என்று அழைக்கிற மூத்த உறுப்பினர் ஒருவர், தினமும் ஒரு டம்ளர் இளநீர் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகும் என்ற செய்தியை எங்கிருந்தோ பெற்று ஒருநாள் காலை குழுவில் போட்டார். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலால் அதைச் சரிவர வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது ஏறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகி உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே உடனே நீக்கினோம். அட்மின் நீக்கினார் என்ற ஒற்றை வரி மட்டும் திரையில் எஞ்சியது. மாமா மனம் புண்பட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அதற்குள் படித்துவிட்டவர்களுக்கோ அது ஏன் மறைந்தது என்பதே தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெண் என்னைத் தனியே அழைத்து, "அக்கா, அம்மாவுக்கு இளநீர் வாங்கி வைத்திருக்கிறேன், இன்றைக்கே கொடுக்கலாமா?" என்று கேட்டபோது எனக்கு உடல் நடுங்கிவிட்டது.

பெரியவரைச் சபையில் திருத்துவது மரியாதைக் குறைவு என்ற தயக்கமே எங்கள் வாயைக் கட்டிப்போட்டது. அவருடைய மரியாதையைக் காக்க வேறு வழி இருந்தது. இப்போது பதிவிட்டவரை முதலில் தொலைபேசியில் அழைத்து விவரத்தைச் சொல்கிறோம். பிறகு அவருடைய பெயரைக் குறிப்பிடாமல், நீக்கியது எது, ஏன் என்பதை அதே இடத்தில் ஆங்கிலத்தில் எழுதி, வீட்டிலிருக்கும் பாட்டிமாருக்காகத் தமிழில் குரல்பதிவாகவும் போடுகிறோம்.

இரண்டாவது பிழை, குழுவுக்குள் சொன்னது குழுவுக்குள்ளேயே தங்கும் என்று எவரிடமும் உறுதி வாங்காமல் நம்பியது. சாட்ஸ்வொர்த், 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்தியருக்கென ஒதுக்கப்பட்டு, 1960-களில் பல இடங்களிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களால் நிரம்பிய ஊர். இங்கே ஒரு தெருவில் சொன்னால் மறு தெருவில் உறவுக்காரர் இருப்பார். தம்பி சிறுநீரகம் தர மறுத்துவிட்டான் என்று ஒரு பெண் இரவில் மனம் உடைந்து எழுதியதன் ஸ்கிரீன்ஷாட், மறுநாள் மாலைக்குள் அந்தத் தம்பியின் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது. உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாகக் கருதும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் இந்நாட்டில் இயற்றப்பட்டதுதான். ஆனால் முற்றிலும் சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்கு அது பொருந்தாது என்பதால், குழுவின் மறைகாப்பைச் சட்டத்தின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சேருமுன்னரே ஒவ்வொருவரிடமும், உங்கள் எண் எல்லாருக்கும் தெரியும், எழுதுவதை எவரும் படமெடுக்கக்கூடும் என்று சொல்லிவிட வேண்டும். பெயர் வெளிப்பட விரும்பாதவர் எழுதித் தருவதை அட்மின் ஒருவர் பெயரின்றிப் பதிவிடுவது எங்களுக்குப் பெரிதும் உதவுகிறது.

அந்த ஸ்கிரீன்ஷாட் விவகாரத்திலேயே அடுத்த பிழையும் செய்தோம். யார் அனுப்பியிருப்பார் என்று நாங்களே ஊகித்து, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அன்றிரவே ஒருவரை வெளியேற்றினோம். அனுப்பியவர் அவர் அல்லர் என்று பின்னர் தெரிந்தது. அதற்குள் அவர் தம் தந்தையைத் தனியாளாகக் கவனித்துக்கொண்டு ஒரு மாதம் கழித்திருந்தார். திரும்பி வர அவர் சம்மதிக்கவில்லை. மேய்ச்சல் நிலம், பாசன நீர் போன்ற பொது வளங்களைப் பயன்படுத்துவோரே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து, 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளில் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகவே ஏறுகிறது என்று கண்டார். எங்கள் குழுவில் இப்போது விசாரிப்பு, எச்சரிக்கை, ஒரு வார இடைநிறுத்தம் என்பவற்றுக்குப் பிறகே வெளியேற்றம். அதையும் இருவர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், முறையீட்டை அவ்விருவரும் அல்லாத மூன்றாமவர் கேட்க வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரியும்படி ஒருவர் எழுதினால் மட்டும் இந்தப் படிகள் எவையும் இல்லை. ஆறுதல் படங்களை அனுப்பிக் கடந்துபோகாமல், ஒருவர் உடனே அழைத்துப் பேச, இன்னொருவர் வீட்டாரைத் தேட வேண்டும். 0800 567 567 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் குழுவின் விவரக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் ஒருவர் தலையில் சுமத்துவதன் விளைவை, டர்பன் பகுதியை உலுக்கிய 2021 ஜூலைக் கலவரத்தின்போது பார்த்தோம். சாலைகள் மறிக்கப்பட்டிருந்த அந்த நாட்களில், எந்த வழி திறந்திருக்கிறது, யாருடைய டயாலிசிஸ் நேரம் மாறியது என்ற இன்றியமையாத செய்திகள், ஊர் பேர் தெரியாதவர்களின் குரல்பதிவுகளுக்கு அடியில் புதைந்துபோயின. அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று குழுவை மாற்றியிருந்தால் போதும். ஆனால் அப்போதைய ஒரே அட்மின் காய்ச்சலில் கிடந்த கணவருக்கு அருகில், தொலைபேசியை எங்கோ வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாற்று ஆள் வைக்காதது எங்கள் எல்லாருடைய தவறு. குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் உதவ 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் மரபுகள், தலைவர்கள் நம்பிக்கைக்குரிய ஊழியர்களே, ஆள்பவர்கள் அல்லர் என்கின்றன. அங்கே பொறுப்புகள் முறை வைத்துக் கைமாறுகின்றன. நாங்களும் மூன்று அட்மின்களை வைத்து, ஆண்டுக்கொருமுறை தைப்பூசக் காவடி முடிந்ததும் ஒருவரை மாற்றுகிறோம்.

சென்ற முறை மாறியவள் நான். இரண்டு வாரம் கழித்து, உப்புக்கு மாற்றாகக் கடையில் விற்கும் பொடியைப் பற்றி நான் எழுதிய குறிப்பைப் புதிய அட்மின் நீக்கினார். அதற்குமுன் என்னை அழைத்து, "அக்கா, அந்தப் பொடி பெரும்பாலும் பொட்டாசியம்தான், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்" என்றார். சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன், அப்படித்தான் அச்சிட்டிருந்தது.