சிந்து வரிசையில் சில கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும்

போன மாதம் எங்கள் பயிற்சி மையத்தில் வரலாறு நடத்தப் புதிதாகச் சேர்ந்த இருவர், தங்கள் வகுப்புக் குறிப்புகளை என்னிடம் பார்க்கக் கொடுத்தார்கள். முதல் பக்கத்திலேயே ஒரு அட்டவணை. இடப்பக்கம் மெசபடோமியா, எகிப்து, சிந்து, சீனா. மேலே புவியியல், சமயம், ஆட்சி, எழுத்து. மொத்தம் பதினாறு கட்டங்கள், பதினாறிலும் பதில் இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் நான் போட்ட அதே அட்டவணை.

கி.மு.வில் எண் பெரிதாக இருந்தால் காலம் முந்தையது, ‘கி.மு. 2500’ வேறு ‘2500 ஆண்டுகளுக்கு முன்’ வேறு என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. வகுப்பில் ஒரு தடவை மாட்டிக்கொண்டால் தானே சரியாகிவிடும். வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கூடவே வருகிற தவறுகளைப் பற்றித்தான் இது.

எல்லா ஆறும் ஒரே ஆறு அல்ல

புவியியல் கட்டத்தில் நான்கு வரிசைக்கும் ‘வளமான ஆற்றுப் படுகை’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியால் எதையும் விளக்க முடியாது.

அணைகள் வருவதற்கு முன், நைல் வெள்ளம் எகிப்துக்கு வந்தது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. அறுவடை அதற்கு முன்பே முடிந்திருக்கும். வெள்ளம் வண்டலைப் போட்டுவிட்டு வடியும், ஈரம் காயும் முன் விதைத்துவிடலாம். விவசாயிக்கு வாய்த்த ஆறு. மெசபடோமியாவின் டைக்ரிஸும் யூப்ரடிஸும் அப்படி இல்லை. துருக்கி மலைகளில் பனி உருகி வெள்ளம் இறங்குவது ஏப்ரல், மே வாக்கில். அப்போது வயலில் வாற்கோதுமை முற்றி நிற்கும். நீர் தேவைப்படும் விதைப்புக் காலத்திலோ ஆறு மெலிந்து கிடக்கும். அதனால் கரை கட்டினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், வருடா வருடம் தூர் வாரினார்கள். அதற்கு ஆள் திரட்டி வேலை வாங்க ஒரு நிர்வாகம் வேண்டும். ஆட்சி என்ற கட்டத்துக்குப் போகும் வழி இந்தக் கட்டத்திலேயே இருக்கிறது. ‘வளமான படுகை’ என்று எழுதியவர் அந்த வழியை அடைத்துவிட்டுப் போகிறார்.

இன்னொன்று. இன்றைய வரைபடத்தில் பழைய நகரங்களைப் புள்ளி வைத்துக் காட்டுவது. மெசபடோமியாவில் ‘ஊர்’ (Ur) என்றே பெயர் கொண்ட நகரம் அன்று பாரசீக வளைகுடாவை ஒட்டியிருந்த துறைமுகம். இன்று கடல் வெகு தொலைவில் இருக்கிறது. அங்கேயே உள்ள உருக் (Uruk) நகரத்தைத் தொட்டு ஓடிய யூப்ரடிஸும் விலகிப் போய்விட்டது. ‘தண்ணியே இல்லாத இடத்தில் ஏன் சார் ஊர் கட்டினாங்க?’ என்று மாணவர் கேட்டால் தவறு வரைபடத்தில், கேள்வியில் இல்லை.

மேல் எகிப்து

தெற்கில் இருக்கிறது. நைல் வடக்கே ஓடுகிறது, ‘மேல்’ என்பது ஆற்றோட்டத்தின் மேற்பக்கம், வரைபடத்தின் மேற்பக்கம் அல்ல.

எல்லாக் கட்டத்தையும் நிரப்புவது

எனக்கு இன்றும் ஆறாத தவறு இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அப்போது சொந்தக் காசில் பதினாறு பக்கக் கையேடு ஒன்று அடித்தேன், ஆயிரம் பிரதி. நடுப்பக்கத்தில் அட்டவணை. சிந்து வரிசையில் இப்படிப் போட்டிருந்தேன்: சமயம் – சிவ வழிபாடு; ஆட்சி – பூசாரி அரசர்கள்; எழுத்து – சித்திர எழுத்து, இன்னும் படிக்கப்படவில்லை. எனக்கு அதில் எந்த உறுத்தலும் தெரியவில்லை. பலசரக்குக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே குரூப் 2 தேர்வுக்குப் படித்த ஒரு பையன், கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான். “சார், எழுத்தைப் படிக்க முடியலைன்னு நீங்களே போட்டிருக்கீங்க. அப்புறம் அவர் பூசாரின்னு யார் சார் சொன்னாங்க?”

பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடியபோதுதான், அந்தக் கட்டங்கள் எதன்மேல் நிற்கின்றன என்று பார்த்தேன்.

‘பூசாரி அரசன்’ என்பது மொகஞ்சதாரோவில் கிடைத்த மாக்கல் சிலை. உயரம் 17.5 செ.மீ., ஒரு சாண்கூட இல்லை. சீவிய தாடி, பாதி மூடிய கண்கள், நெற்றிப் பட்டியில் வட்டமாக ஒரு அணி, வலது தோளைத் திறந்துவிட்டு மேலே போர்த்திய பூவிதழ் போன்ற வடிவம் போட்ட ஆடை. இடுப்புக்குக் கீழே இல்லை. மெசபடோமியாவில் பூசாரிகளும் அரசர்களும் இருந்தார்கள், இங்கேயும் அப்படி இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தில் அகழ்வாய்வாளர்கள் வைத்த பெயர் அது. அதாவது மெசபடோமியா வரிசையிலிருந்து ஒரு பதிலை எடுத்து அடுத்த வரிசையில் ஒட்டியிருக்கிறார்கள். நான் அதையே பார்த்து எழுதியிருக்கிறேன்.

‘சிவ வழிபாடு’ நிற்பது பெரும்பாலும் ஒரு முத்திரையின் மேல். ஏறத்தாழ மூன்றரை செ.மீ. சதுரம், தீப்பெட்டியை விடச் சிறியது. கொம்புத் தலையணியோடு ஓர் உருவம் மேடையில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. மூன்று முகம், யோக ஆசனம், விலங்குகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இது பசுபதி, சிவனின் முன்வடிவம் என்றார் தொல்லியலாளர் ஜான் மார்ஷல். அது அவர் முன்வைத்த ஊகம். பின்னால் வந்த ஆய்வாளர் டோரிஸ் சீனிவாசன் அது மூன்று முகமே இல்லை, மாட்டுக் காதும் மாட்டு முகமும் கொண்ட உருவம் என்று வாதிட்டார். முத்திரையின் மேலே எழுத்தும் இருக்கிறது. அதைப் படித்தால் சண்டை தீர்ந்துவிடும். படிக்கத்தான் முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். சிந்து வரிகள் சராசரியாக ஐந்து குறிகள்தான். ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. எகிப்துக்கு ஒரே செய்தி மூன்று எழுத்துகளில் பொறித்த ரொசெட்டா கல் கிடைத்தது, 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் அதைப் படிக்க வழி கண்டார். சிந்துவுக்கு அப்படி இருமொழிக் கல்வெட்டு இன்றுவரை இல்லை. எந்த மொழி என்பதும் முடிவாகவில்லை. இது எழுத்தே இல்லை, வெறும் அடையாளக் குறிகள் என்று 2004இல் ஒரு கட்டுரை வந்து அதற்கும் பெரிய சச்சரவு நடந்தது.

இந்த இடத்தில் நம் ஆட்களிடம் இன்னொரு தவறு: ‘சிந்து எழுத்து தமிழ் என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது.’ திராவிட மொழியாக இருக்கலாம் என்பது கனமான கருதுகோள்தான். மகாதேவனும் பின்லாந்தின் அஸ்கோ பர்போலாவும் வாழ்நாள் உழைப்பைக் கொட்டியது அதில்தான். பர்போலாவின் வாதத்தில் அழகான ஒரு பகுதி, மீன் குறி. மீன் என்ற சொல் தமிழில் வானத்து மீனையும் குறிக்கும். ஆகவே மீன் படம் போட்டு நட்சத்திரத்தை எழுதியிருக்கலாம் என்கிறார். இந்த உத்தி உலகத்தில் இல்லாததும் இல்லை. சுமேரியத்தில் ‘தி’ என்றால் அம்பு, ‘தி’ என்றால் உயிரும்தான். அம்பு படம் போட்டு உயிரை எழுதினார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும். ஆனால் புல்லரித்தால் நிரூபணம் ஆகிவிடாது. படித்தாகிவிட்டதென்றால் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இந்த எழுத்தைப் படிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு ஏன் அறிவிக்கப் போகிறது?

சரி, கட்டத்தில் என்னதான் எழுதுவது? மண்ணில் கிடைத்ததை எழுதுங்கள். ஆட்சிக் கட்டத்தில் நான் இப்போது எழுதுவது: ‘1:2:4 விகிதத்தில் செங்கல், நகரத்துக்கு நகரம் ஒரே வரிசையில் எடைக்கற்கள், பரவலாகக் கிடைப்பது சுமார் 13.7 கிராம், திட்டமிட்ட தெரு, வடிகால். அரண்மனை என்று உறுதியாகச் சொல்லும்படி ஒரு கட்டடமும், ஆடம்பர அரச கல்லறையும் கிடைக்கவில்லை. ஆண்டது யார் என்று தெரியாது.’ கடைசி வாக்கியத்தை எழுதக் கை கூசும். எழுதிப் பழகுங்கள். அந்த எடைக்கல் விஷயத்தைக் கேட்டதும் முதலில் தலையாட்டியது அதே பலசரக்குக் கடைப் பையன்தான்.

அக்கம்பக்கத்து வரிசையிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் சான்றோடு எடுங்கள். மெலுஹா கப்பல்கள் தன் அக்காத் நகரத் துறையில் நின்றன என்று மெசபடோமியாவை ஆண்ட அக்காத் அரசர் சார்கோன் பெருமையடித்துக்கொண்டார். மெலுஹா என்பது சிந்துப் பகுதிதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். அக்காத் காலத்து உருளை முத்திரை ஒன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் பெயர் ஷு-இலிஷு, வேலை மெலுஹா மொழிபெயர்ப்பாளர். சிந்துக்காரர்கள் பேசியதைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்ட ஒரு மனிதர்! அவர் நமக்கு விட்டுப் போனது பெயரும் பதவியும் மட்டும்.

தேர்வில் ‘பூசாரி அரசன் சிலை எங்கே கிடைத்தது?’ என்று கேட்டால் மொகஞ்சதாரோ என்று எழுதிவிட்டு வாருங்கள், தகராறு வேண்டாம். அது சிலைக்கு வைத்த பட்டப்பெயர் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கையேடு என்ன ஆயிற்று என்றால், விற்காமல் அறுநூறு பிரதிக்கு மேல் வீட்டில் கிடந்தது. நானும் என் மனைவியும் இரண்டு இரவு உட்கார்ந்து அந்த இரண்டு கட்டத்தின் மேலும் வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டினோம். “முதல்லயே வெறுமனே விட்டிருந்தா பசை செலவாவது மிச்சம்” என்றாள்.

கியூனிஃபார்ம் ‘மொழி’

அப்படி ஒரு மொழி கிடையாது. அது எழுத்து. சுமேரியமும் அக்காடியமும் ஹிட்டைட்டும் அதில் எழுதினார்கள்.

அரசன் என்றாலே கடவுள்

எகிப்தில் சரி, அரசன் ஹோரஸ் என்ற கடவுளின் உருவம். மெசபடோமியாவில் அரசன் பெரும்பாலும் கடவுளின் காரியஸ்தர். நகரம் கடவுளுடையது, அதைப் பார்த்துக்கொள்வது இவர் வேலை. சார்கோனின் பேரன் நராம்-சின் தன் பெயருக்கு முன் கடவுள் குறியைப் போட்டுக்கொண்டார், தன் வெற்றித் தூணில் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு நிற்கிறார். அங்கே அது ஊரறிந்த விதிவிலக்கு. பின்னால் ஊர் நகரத்து ஷுல்கி போன்ற சிலரும் அதைச் செய்தார்கள். விதிவிலக்கை விதியாக்கி இரண்டு கட்டத்திலும் ‘தெய்வீக அரசாட்சி’ என்று எழுதினால் நராம்-சின் செய்ததில் என்ன துணிச்சல் என்றே தெரியாமல் போகும்.

ஹமுராபியின் ‘முதல்’ சட்டம்

பாபிலோன் அரசர் ஹமுராபியுடையது முதல் சட்டம் இல்லை. ஊர் நகரத்து அரசர் ஊர்-நம்முவின் பெயரால் அறியப்படும் சட்டத் தொகுப்பு அதற்குச் சுமார் முந்நூறு, முந்நூற்றைம்பது ஆண்டு மூத்தது. இதைவிடப் பெரிய தவறு ‘கண்ணுக்குக் கண்’ என்று ஒரே வரியில் முடிப்பது. ஹமுராபியின் 196ஆம் விதிப்படி அது மேல்தட்டு ஆள் ஒருவரின் கண்ணை எடுத்தால்தான். சாமானியர் கண்ணுக்கு ஒரு மினா (அன்றைய எடை அளவு) வெள்ளி, அடிமையின் கண்ணுக்கு அவர் விலையில் பாதி. மூத்த ஊர்-நம்மு சட்டத்தில் கண்ணுக்குத் தண்டனை அரை மினா வெள்ளி அபராதம். பழைய சட்டம் என்றால் கொடூரம், புதியது என்றால் மென்மை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஹமுராபியின் சட்டம் பொறித்த தூணைப் பார்க்க பாபிலோனுக்கும் போக வேண்டாம். 1901–02இல் அது கிடைத்தது ஈரானின் சூசாவில், ஏலமியர்கள் தூக்கிக்கொண்டு போயிருந்த இடத்தில்.

‘சமயத்துக்காக எழுத்து பிறந்தது’

உருக் நகரத்தில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்கு. ஒன்றில் இவ்வளவுதான் இருக்கிறது: 29,086 அளவு வாற்கோதுமை, 37 மாதம், குஷிம். குஷிம் என்பது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்பதுகூட உறுதியில்லை. கடவுளும் இல்லை, காவியமும் இல்லை, சரக்கு வரவுதான்.

இதைச் சொன்ன உடனே புதியவர்கள் மறுபக்கம் சாய்ந்து, ‘எல்லா இடத்திலும் எழுத்து வணிகத்துக்காகவே பிறந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். சீனாவில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துத் தொகுதி, ஷாங் அரசர்கள் ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் குறி கேட்டுப் பொறித்தது. மழை வருமா, போருக்குப் போகலாமா, அரசிக்கு நல்லபடி பிரசவம் ஆகுமா என்ற கேள்விகள். ‘டிராகன் எலும்பு’ என்று மருந்துக் கடையில் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததில் எழுத்து இருப்பதை 1899 வாக்கில்தான் கவனித்தார்கள்.

நான்கும் ஒரே காலம்

அந்த ஆமை ஓடுகள் சுமார் கி.மு. 1250. உருக்கின் பலகைகள் அதற்கு இரண்டாயிரம் ஆண்டு முந்தையவை. அட்டவணையில் காலத்துக்கு ஐந்தாவதாக ஒரு பத்தி போடுங்கள்.