கேட்ல இறங்குறதுக்கு முன்னாடி: லாரி ஓட்டுறவங்க டிரெஸ், சுத்தம் பத்தி

புதுசா லாங் டிரிப் ஓட்ட வர்ற பசங்க என்கிட்ட கேக்குறதெல்லாம் கியர் பத்தி, டயர் பத்தி, டீசல் மிச்சம் பண்றது பத்திதான், என்ன டிரெஸ் போடணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. ஆனா இந்த வேலைல நான் முதல் தடவை ஒரு முழு நாளை இழந்தது ஒரு ஜோடி செருப்புனாலதான். ராத்திரி முழுக்க ஓட்டிட்டு போய் விடியக்காலைல ஒரு குடோன் கேட்ல நிக்கிறேன், கால்ல ரப்பர் செருப்பு, செக்யூரிட்டி குனிஞ்சு காலைப் பாத்தாரு, நான் நீட்டுன பேப்பரை கைல கூட வாங்கல, ஷூ இல்லாம உள்ள விட முடியாதுன்னுட்டாரு. எனக்குப் பின்னாடி வந்த வண்டியெல்லாம் உள்ள போயி லோடு இறக்கிட்டு வெளிய போயிடுச்சு, நான் தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லார்கிட்டயும் ஷூ கடன் கேட்டு அலைஞ்சு மறுநாள்தான் இறக்க முடிஞ்சுது. லோடு சரியா இருந்துச்சு, நேரம் சரியா இருந்துச்சு, பேப்பரும் சரியா இருந்துச்சு.

அதனால நான் முதல்ல சொல்றது இதுதான், ஓட்டுறதுக்கு ஒரு செட் இறங்குறதுக்கு ஒரு செட்னு ரெண்டா பிரிச்சு வச்சுக்கோங்க. ஒரே டிரெஸ்ல ரெண்டையும் சமாளிக்கப் பாத்தா ரெண்டும் கெட்டுப்போகும், ஒண்ணு பத்து மணி நேரம் இறுக்கமான டிரெஸ்ல உக்காந்து அவஸ்தைப்படுவீங்க, இல்ல கசங்கி வேர்த்த டிரெஸ்லயே போய் கேட்ல நிப்பீங்க.

ஓட்டுற செட் லூசா இருக்கணும், இடுப்புல எலாஸ்டிக் இருந்தா இன்னும் நல்லது. டைட் ஜீன்ஸ் நின்னா அழகுதான், ஆனா உக்காந்துட்டா வயித்தையும் தொடை இடுக்கையும் அழுத்தும், அங்க வேர்வை தேங்கி அரிப்பும் படர்தாமரையும் வர்றது நம்ம வேலைல ரொம்ப சகஜம், யாரும் வெளிய சொல்றதில்ல அவ்வளவுதான். உள்ளாடையை தினமும் மாத்துங்க, ஈரம் காயாம அடுத்தத போடாதீங்க. வேர்வை அதிகம் வர்றவங்க வேர்வையை உறிஞ்சி சீக்கிரம் காயுற ஸ்போர்ட்ஸ் துணி உள்ளாடை போட்டுப் பாருங்க, காட்டன் நல்லதுதான் ஆனா ஒரு தடவை நனைஞ்சா லேசுல காயாது. அப்புறம் பர்ஸ். பின் பாக்கெட்ல தடியா ஒரு பர்ஸை வச்சுக்கிட்டு அதுமேலயே நாள் முழுக்க உக்காந்தா ஒரு பக்கம் இடுப்பு தூக்கி நிக்கும், உள்ள இருக்க நரம்பு நசுங்கி காலு வரைக்கும் இழுக்கும், முதுகு வலின்னு நினைச்சு மாத்திரை போட்டுட்டு இருப்பீங்க. பர்ஸை எடுத்து டேஷ்போர்டு பெட்டில வைங்க.

இறங்குற செட்ல என்னென்ன இருக்கணும்னா முழு பேன்ட், கை வச்ச சட்டை, சேஃப்டி ஷூ, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், ஹெல்மெட், கிளவுஸ், கண்ணுக்குப் போடுற சேஃப்டி கண்ணாடி. எல்லா இடத்துலயும் எல்லாம் கேக்க மாட்டாங்க, ஆனா எந்த இடத்துல எதைக் கேப்பாங்கன்னு முன்கூட்டியே தெரியாது, அதனால எல்லாமே வண்டில இருக்கணும். ஜாக்கெட் வாங்கும்போது உள்ள இருக்க லேபிளைப் பாருங்க, ஐஎஸ்ஓ 20471னு, அதாவது தூரத்துலருந்தே தெரியுற டிரெஸ்ஸுக்கான உலகத் தர நம்பர் போட்டு, பக்கத்துல 1, 2, 3னு கிளாஸ் இருக்கும். கிளாஸ் 3னா உடம்புல குறைஞ்சது 0.80 சதுர மீட்டர் பளிச் கலர் துணியும் 0.20 சதுர மீட்டர் ஒளி திருப்புற பட்டையும் இருக்கணும், கிளாஸ் 2க்கு அது 0.50, 0.13. கையில்லாத வெஸ்ட் பெரும்பாலும் கிளாஸ் 2தான், பகல்ல யார்டுக்குள்ள நடக்க அது போதும், ஆனா ராத்திரி ஹைவே ஓரத்துல டயர் மாத்த இறங்குறீங்கன்னா கை நீளமா இருக்க கிளாஸ் 3 போடுங்கன்னு கெஞ்சி கேட்டுக்குறேன், ஏன்னா கை அசையுறது தெரிஞ்சாதான் வர்ற வண்டிக்காரன் அது ஆளுன்னு புரிஞ்சுப்பான். எத்தனை தடவை துவைக்கலாம்னும் லேபிள்ல போட்டிருப்பாங்க, அதைத் தாண்டி துவைச்சா பட்டை மங்கிடும். துணி மென்மையாக்குற லிக்விட், பிளீச் எதுவும் ஊத்தாதீங்க. கிரீஸ் அப்பி கறுத்துப்போன ஜாக்கெட்டை போடுறதும் போடாததும் ஒண்ணுதான், மாத்திடுங்க.

ஷூ விஷயத்துல நிறைய பேரு பண்ற தப்பு என்னன்னா சேஃப்டி ஷூ வாங்கிட்டு அதையே போட்டு ஓட்டுறது. அடித்தட்டு தடியா இருக்கறதால பெடல் எவ்வளவு அமுங்குதுன்னு காலுக்கு சரியா தெரியாது, முன்பக்கம் அகலம் வேற, சில வண்டில பக்கத்து பெடல்ல இடிக்கும். ஓட்டுறதுக்கு மெல்லிசான, குதிகாலை நல்லா பிடிச்சு நிக்கிற சாதாரண ஷூ வைங்க. செருப்பு போட்டு ஓட்டவே கூடாது, நழுவி பிரேக் பெடலுக்கு அடியில போச்சுன்னா கதை முடிஞ்சுது. அதே காரணத்துக்காக கழட்டி வச்ச ஷூவை டிரைவர் பக்கம் கீழ போடாதீங்க, உருண்டு வந்து பெடலுக்குள்ள சிக்கும், சீட்டுக்குப் பின்னாடி ஒரு பெட்டில வைங்க. சேஃப்டி ஷூன்னா அதுக்கான தர நம்பர் ஐஎஸ்ஓ 20345 பாத்து வாங்கணும், முன்பக்க தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்கணும், அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்துலருந்து விரல் மேல விழுந்தா எவ்வளவோ அவ்வளவு. எஸ்1, எஸ்3ன்னு குறியீடு இருக்கும், நம்ம வேலைக்கு எஸ்3 எடுங்க, ஆணி குத்தாத அடித்தட்டும் தண்ணி லேசுல உள்ள போகாத மேல்பக்கமும் அதுல வரும்.

மோதிரம் பத்தி ஒரு நிமிஷம் நின்னு படிங்க. கேபின்லருந்து குதிக்கும்போதோ லோடு மேலருந்து இறங்கும்போதோ மோதிரம் ஒரு கொக்கிலயோ கம்பிலயோ மாட்டுச்சுன்னா உடம்பு கீழ போகும், விரல் மேலயே நிக்கும், விரல் தோலோட உரிஞ்சு வந்துடும், சில நேரம் விரலே போயிடும். கல்யாண மோதிரம்னாலும் வேலை நேரத்துல கழட்டி வைங்க, மனசு கேக்கலைன்னா சிலிக்கான் மோதிரம் போடுங்க, இழுத்தா அறுந்துடும். செயின், கையில கட்டுற கயிறு, தொங்குற ஐடி கார்டு எல்லாத்துக்கும் இதேதான், ஐடி கார்டு கயிறுல இழுத்தா விட்டுடற கிளிப் இருக்கான்னு பாத்து வாங்குங்க. குதிக்கவும் குதிக்காதீங்க, வண்டியைப் பாத்த மாதிரியே ரெண்டு கை ஒரு கால், இல்ல ரெண்டு கால் ஒரு கைன்னு எப்பவும் மூணு பிடி இருக்கற மாதிரி இறங்குங்க.

டேங்கர் ஓட்டுறவங்களுக்கு துணியே ஆபத்து. நைலான், பாலியஸ்டர் எல்லாம் உரசுனா ஸ்டேட்டிக் கரண்ட் சேரும், அதுலருந்து வர்ற பொறில எரிபொருள் ஆவி தீப்பிடிக்கலாம், நெருப்பு பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும். கம்பெனி குடுக்குற ஸ்டேட்டிக் சேராத டிரெஸ்ஸை போடுங்க, உள்ள போடுற பனியனும் காட்டனா இருக்கட்டும், முக்கியமா லோடிங் பாயின்ட்ல நின்னுக்கிட்டு ஜாக்கெட்டை கழட்டறதோ மாட்டறதோ வேண்டாம், உள்ள வர்றதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. கெமிக்கல் லோடு எடுக்குறவங்களுக்கு தாடி ஒரு பிரச்சனை, மாஸ்க் முகத்துல ஒட்டுற இடத்துல முடி இருந்தா காத்து உள்ள கசியும், ரெண்டு நாள் முள்ளு தாடியே போதும் அதுக்கு. மீசை மாஸ்க் ஓரத்தைத் தாண்டாம இருந்தா வச்சுக்கலாம். மத்த லோடு எடுக்குறவங்க தாடி வைக்கிறது அவங்க இஷ்டம், சீவி சுத்தமா இருந்தா சரி.

வெயில். கேபினுக்குள்ளதான இருக்கோம்னு நினைக்கிறோம், முன் கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் வச்சு ஒட்டுனது, அதனால சுருக்கம் வர வைக்கிற யுவிஏ கதிரை பெரும்பாலும் தடுத்துடும், ஆனா சைடு கண்ணாடி அப்படி இல்ல, அது வழியா நல்லாவே உள்ள வரும். 2012ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ங்கிற டாக்டருங்க பத்திரிகைல ஒரு போட்டோ வந்துச்சு, 28 வருஷம் டெலிவரி டிரக் ஓட்டுன 69 வயசுக்காரர், முகத்துல வலது பக்கம் சாதாரணமா இருக்கு, கண்ணாடி பக்கம் இருந்த இடது பக்கம் மட்டும் தோல் தடிச்சு பள்ளம் பள்ளமா சுருங்கிக் கிடக்கு. அதைப் பாத்த அன்னைக்கு நான் வண்டியை நிறுத்திட்டு என் முகத்தை மிரர்ல ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அன்னைலருந்து ஜன்னல் பக்க கைக்கு ஒரு ஸ்லீவ், முகம் காது கழுத்துக்கு எஸ்பிஎஃப் 30 இல்ல அதுக்கு மேல, யுவிஏவையும் தடுக்கும்னு போட்ட சன்ஸ்கிரீன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப போடணும். கூலிங் கிளாஸ்ல கேட்டகரி 4னு போட்டிருந்தா அது வண்டி ஓட்ட ஆகாது, அவ்வளவு இருட்டு. போலரைஸ்டு கிளாஸ் போட்டா சில டிஸ்ப்ளே கறுப்பா தெரியும், வாங்குறதுக்கு முன்னாடி உங்க வண்டி மீட்டரைப் பாத்து டெஸ்ட் பண்ணிக்கோங்க.

சாக்ஸ் தினமும் துவைச்சது போடுங்க, டிரிப் எத்தனை நாளோ அதைவிட ரெண்டு ஜோடி கூட. பொது பாத்ரூம்ல குளிக்கும்போது கால்ல செருப்பு இருக்கட்டும், விரல் இடுக்கை துடைச்சுட்டுதான் சாக்ஸ் போடணும், இல்லேன்னா சேத்துப்புண் வந்து மாசக்கணக்கா விடாது. நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையுற ஆபத்து ஏறுது, அதுக்கு இறங்கி நடக்கறதுதான் முதல் மருந்து, சாயங்காலம் கால் வீங்குதுன்னா முழங்கால் வரைக்கும் வர்ற இறுக்கி பிடிக்கிற சாக்ஸ் உதவும், ஆனா சுகர் இருக்கவங்க, காலுக்கு ரத்தம் சரியா போகாதவங்க டாக்டரைக் கேக்காம போடாதீங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

குளிக்க இடமே கிடைக்காத நாள் வரும், அன்னைக்கு ஒரு லிட்டர் தண்ணி, ரெண்டு சின்ன டவல் போதும். ஒரு டவலை நனைச்சு சோப்பு தொட்டு முதல்ல முகம், அப்புறம் கழுத்து, அக்குள், கடைசில இடுப்புக்குக் கீழ, பாதம், இந்த வரிசையை மாத்தாதீங்க, இன்னொரு டவல் துடைக்க. அப்புறம் பல்லு தேய்ச்சு சட்டை மாத்துனா ஆள் புதுசா தெரிவீங்க. வேர்வை மேல சென்ட் அடிக்கறது வேண்டாம், நம்ம வாசனை நமக்குத் தெரியாது, மூக்கு பழகிடும், ஜன்னல் வழியா பேப்பர் வாங்குறவருக்குத்தான் தெரியும்.

கைல கிரீஸ் ஆனா டீசல் ஊத்தி கழுவுற பழக்கத்தை விட்டுடுங்க, அது தோல்ல இருக்க எண்ணெய்ப்பசையை எடுத்துடும், வெடிப்பு வந்து தோல் வியாதியா நிக்கும். கொஞ்சம் சமையல் எண்ணெய் தேய்ச்சு துணியால துடைச்சுட்டு சோப்பு போடுங்க, போயிடும், வேலைக்கு முன்னாடியே கிளவுஸ் போட்டா அதுவும் வேண்டாம். டீசல் பட்ட துணியை மத்த துணியோட போடாதீங்க, வெளிய காத்துல காய விட்டுட்டு தனியா துவைங்க, வாசனை போகாத துணியை டிரையர்ல போட்டா தீப்பிடிக்கலாம்.

லேடி டிரைவருங்களுக்கு, ஜாக்கெட்டும் கிளவுஸும் ஷூவும் ஆம்பளைங்க சைஸ்லயே குடுப்பாங்க, லூசா இருக்குன்னு தயங்காம மாத்திக் கேளுங்க, தொளதொளன்னு இருக்க ஜாக்கெட் எதுலயாவது மாட்டும், பெரிய ஷூ படில தடுக்கும். முடியை பின்னிட்டு ஹெல்மெட்டுக்குக் கீழ கழுத்தோட ஒட்டி கட்டுங்க.

சிலர் கேப்பாங்க, அழுக்கு வேலைக்கு எதுக்கு இவ்வளவுன்னு. சட்டைல வேலை அழுக்கு இருக்கறது தப்பே இல்ல, அதை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனா கிழிஞ்ச பனியனோட பட்டன் போடாம போய் நின்னா நாம பேசுறதுக்கு முன்னாடியே அவங்க முடிவு பண்ணிடுறாங்க, வா போன்னு பேசுறாங்க, ஓரமா நிறுத்துன்னு சொல்றாங்க. அப்படி பேசுறது அவங்க தப்புதான், எனக்கு இன்னும் கோவம் வருது. ஆனா பட்டன் போட்ட சட்டை, ஷூ, கைல அடுக்கி வச்ச பேப்பரோட போன நாள்லருந்து என்கிட்ட பேசுற விதம் மாறுனதை நானே பாத்தேன், காத்திருக்கிற நேரமும் குறைஞ்சுது.

பைல இறங்குற செட்டை அடியில வைக்காதீங்க. ரெண்டு சட்டையை சுருட்டி ஒரு கவர்ல, அதுமேல பேன்ட், ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் சீட்டுக்குப் பின்னாடி கொக்கில, ஷூ பெட்டில, அழுக்குத் துணிக்கு வாய் கட்டற மாதிரி தனி பை. கேட்டுக்கு ஒரு அரை மணி நேரம் முன்னாடி பாதுகாப்பா நிறுத்துற இடம் பாத்து ஒதுக்குங்க, முகம் கழுவி, சட்டை ஷூ மாத்தி, சைடு மிரர்ல ஒரு தடவை பாத்துட்டு கிளம்புங்க.