கடல்மேல் நாலைந்து சுழல்கள் தெரிந்தால் நாலைந்து புயலா? படத்தைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றோட்டப் படம் காட்டும் செயலிகளில் சில நாட்கள் கடல்மேல் வரிசையாக நாலைந்து சுழல்கள் தெரியும். உடனே ‘அடுத்தடுத்து புயல்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறக்க ஆரம்பித்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை இரண்டு நாளில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

இதில் பெரிய தவறு, ஒவ்வொரு சுழலுக்கும் தனித்தனிக் காரணம் தேடுவது. பக்கம் பக்கமாக இருக்கும் சுழல்கள் பல நேரம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வடகோளத்தில் ஒரு நீண்ட பட்டைக்குத் தெற்கே காற்று மேற்கிலிருந்து வீசுகிறது, வடக்கே கிழக்கிலிருந்து வீசுகிறது என்று வையுங்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பென்சிலை வைத்துத் தேய்த்தால் உருளுமே, அதுபோல நடுவில் மாட்டிய காற்றுக்குச் சுழலும் குணம் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பட்டை நேர்க்கோடாகவே நீடிக்காது. எங்காவது லேசான நெளிவு விழுந்தால் போதும், அது தானாகப் பெருத்து, பட்டை துண்டுபட்டு, ஒவ்வொரு துண்டும் சுருண்டுகொள்ளும்.

இந்த நிலையின்மையை 19ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டிஷ் இயற்பியலாளர் ரேலே பிரபு கணக்கிட்டுக் காட்டிவிட்டார். எளிய கணக்குப்படி, அடுத்தடுத்த சுழல்களுக்கு இடையிலான தூரம் பட்டையின் அகலத்தைப்போல ஏறக்குறைய 8 மடங்கு. பட்டை 100 கி.மீ. அகலம் என்றால் சுமார் 800 கி.மீ.க்கு ஒரு சுழல். நிஜத்தில் இடிமழை மேகங்களும் பூமியின் சுழற்சியும் குறுக்கே புகுந்து இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைக்கும். ஆனாலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய காற்று குவியும் பட்டை இப்படி உடைந்து பல சுழல்களாவது கிழக்குப் பசிபிக்கில் அடிக்கடி நடப்பதுதான். அதனால் சுழல்களை எண்ணுவதற்கு முன், அவற்றை இணைக்கும் பட்டை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்.

அப்புறம், சுழலும் திசை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. எல்லாம் ஒரே திசையில் சுற்றினால் மேலே சொன்ன பட்டை உடைவு என்று சந்தேகிக்கலாம். ஒன்று இடம், அடுத்தது வலம் என்று மாறி மாறி இருந்தால், காற்று வரும் வழியில் ஒரு தீவு மலை நிற்கிறதா என்று தேடுங்கள். மெக்சிகோவுக்கு மேற்கே உள்ள குவாடலூப், கேனரி தீவுகள், கொரியாவின் ஜேஜு ஆகியவற்றுக்குப் பின்னால் இப்படிச் சுழல் வரிசை அழகாக விழும். கார்மன் சுழல் தெரு என்று பெயர். தாழ்வான மேகத்தில் வரும் கோலம்தான் அது, புயலோடு சம்பந்தமில்லை. நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல இரண்டு தெரிந்தால், நடுவில் பலத்த மேற்குக் காற்று வீசுகிறது என்று அர்த்தம். 2022 மே மாதம் வங்கக்கடலில் அசானி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் கரீம் என்று இரட்டையாக வந்தவை இந்த வகை.

‘இரண்டு புயலும் சேர்ந்து ராட்சதப் புயலாகிவிடும்’ என்பது எல்லாருக்கும் பிடித்த வதந்தி. ஜப்பானிய வானிலையாளர் ஃபுஜிவாரா 1921இல் விவரித்த விளைவு வேறு. ஏறக்குறைய 1,400 கி.மீ.க்குள் நெருங்கிய இரண்டு புயல்கள் ஒன்றையொன்று சுற்றத் தொடங்கலாம், அவ்வளவுதான். பெரியது சின்னதைக் கிழித்து விழுங்குவது உண்டு. ஆனால் இரண்டின் பலமும் கூட்டலாகச் சேராது. ஒன்றின் உச்சியிலிருந்து பரவும் காற்று மற்றதன் தலையைச் சாய்த்துப் பலவீனமாக்குவதும் உண்டு.

சுழலுக்குள் சுழல் இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. 2003இல் இசபெல் சூறாவளியின் கண்ணுக்குள் சிறு சுழல்கள் நட்சத்திர மீன் வடிவில் நின்றன. மேகத்திலிருந்து தரைவரை இறங்கும் டொர்னாடோ சுழற்காற்றிலும் இப்படித்தான். ஒரு வீடு தரைமட்டமாகி அடுத்த வீடு தப்புவதற்கு, உள்ளே ஓடும் குட்டிச் சுழல்கள் ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக, தாழ்வு மண்டலத்தின் ஆரம்ப நாட்களில் மையம் ஒன்றுதான் என்று நம்பிவிடுவது. அப்போது உள்ளே இரண்டு மூன்று சின்னச் சுழல்கள் போட்டி போடும். எதன்மேல் இடிமேகம் விடாமல் நிலைக்கிறதோ, அது மற்றவற்றை இழுத்துக்கொள்ளும். இரவில் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் உயர்மேகம் எல்லாவற்றையும் மூடிவிடும். விடிந்து கண்ணுறு ஒளிப் படம் (பகல் வெளிச்சத்தில் எடுப்பது) வந்ததும், நாம் மையம் என்று நினைத்த மேகக் குவியலுக்கு வெகு தூரத்தில், மேகமே இல்லாத இடத்தில் சுழல் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ‘புயல் திடீரென்று தாவிவிட்டது, கணிப்பு பொய்த்துவிட்டது’ என்று திட்டுவதற்கு முன், பழைய மையமே நகர்ந்ததா, இல்லை அது கரைந்து வேறொரு சுழல் மையமானதா என்று பாருங்கள். இரண்டாவதுதான் நடந்தது என்றால், முந்தைய நாள் வரைந்த பாதையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மையத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.