ஆயில் கசிகிறதா? பேக்கிங் மாற்றும் முன் பிசிவி வால்வைக் கழற்றிப் பாருங்கள்

சென்ற வருடம் எங்கள் பழைய பெட்ரோல் காரில் ஏலகிரி போனோம். 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி, வாணியம்பாடியில் டீ குடிக்க நிறுத்தினால் ஆயில் கருகும் வாடை. பானெட்டைத் திறந்து பார்த்தேன். டாப்பெட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) ஓரமாக வழிந்த ஆயில், சூடான சைலன்சர் பைப் மேல் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது.

சத்துவாச்சாரிக்குத் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேக்கிங் (இரண்டு பாகங்கள் சேருமிடத்தில் கசிவை அடைக்கும் பட்டை) மாற்றினேன். இரண்டே மாதத்தில் மறுபடி கசிவு. மறுபடி பேக்கிங், கூடவே கிராங்க் ஆயில் சீல். அதற்கும் நிற்கவில்லை. கடைசியில் காட்பாடி பக்கம் ஒரு வயதான மெக்கானிக், "இன்னா தம்பி, பேக்கிங் மேல பேக்கிங்கா மாத்தினு இருக்க? உள்ள இருக்குற காத்து எப்டி வெளிய போவும்னு பாத்தியா?" என்று கேட்டார். கட்டைவிரல் அளவு வால்வு ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தார். குலுக்கினேன், சத்தமே வரவில்லை. தார் போல ஆயில் சகதி அதற்குள் இறுகிக் கிடந்தது.

அந்த வால்வுக்குப் பெயர் பிசிவி (பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்) வால்வு, அதாவது இன்ஜினின் கிராங்க் அறையில் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு. அதன் வேலையைப் புரிந்துகொண்டால் சோதிப்பது சுலபம்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது அந்த அழுத்தம் முழுவதும் பிஸ்டனைத் தள்ளுவதில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வாயு கீழே நழுவி, கிராங்க் சுற்றுகிற அறைக்குள் இறங்கிவிடும். புது இன்ஜினிலும் இது உண்டு. அதில் எரியாத பெட்ரோல், நீராவி, புகை எல்லாம் கலந்திருக்கும். வெளியே போக வழி இல்லாவிட்டால் இரண்டு கெடுதல்: அழுத்தம் கூடி, ஆயிலை சீல் வழியாகவும் பேக்கிங் வழியாகவும் தள்ளும், நீராவியும் அமிலமும் ஆயிலில் கலந்து அதைச் சகதியாக்கும்.

நம் பழைய ஓட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசல் கதவும் கொல்லைக் கதவும் நேர்க்கோட்டில் இருக்கும். இரண்டையும் திறந்தால்தான் சமையல் புகை வெளியேறும். இன்ஜினுக்கு வாசல் கதவு, ஏர் ஃபில்டரிலிருந்து டாப்பெட் கவருக்கு வரும் ஓஸ். சுத்தமான காற்று அதன் வழியே உள்ளே நுழைகிறது. கொல்லைக் கதவுதான் பிசிவி வால்வு. இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) உறிஞ்சல் அந்தக் கெட்ட வாயுவை இழுத்து மறுபடி சிலிண்டருக்கே அனுப்பி எரித்துவிடும். ஒரு காலத்தில் கார்களில் ஒரு குழாய் வைத்து இதை அப்படியே தெருவில் விட்டார்கள். கலிஃபோர்னியாவில் புகைமூட்டம் தாங்க முடியாமல் போகவே, அங்கே விற்ற 1961 மாடல் கார்களில் இந்த ஏற்பாடு வந்தது.

வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் சின்ன அடைப்பானும் இருக்கும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, உறிஞ்சல் அதிகம் என்பதால் அடைப்பான் இழுக்கப்பட்டு வழி குறுகும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறையும், வழி அகலும். மலை ஏறும்போது நழுவும் வாயு அதிகம், உறிஞ்சலோ குறைவு. வால்வு எல்லாவற்றையும் வாங்க முடியாமல் மீதி வாயு வாசல் ஓஸ் வழியாக ஏர் ஃபில்டருக்கே திரும்பும். எங்கள் காரில் அந்த ஓஸும் பாதி அடைத்திருந்தது. ஏலகிரியில் கசிந்ததற்குக் காரணம் அதுதான்.

சரி, இனி வேலை. பனியன் வேஸ்ட், கட்டிங் பிளையர், கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே, இவ்வளவு போதும். இது பிசிவி வால்வு தனியாக உள்ள பெட்ரோல் கார்களுக்கு. டீசலிலும் சில புது மாடல்களிலும் டாப்பெட் கவருக்குள்ளேயே வேறு அமைப்பு இருக்கும், அதில் கை வைக்க வேண்டாம்.

படி 1: இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் நீராவி வெளியேறவில்லை. பள்ளிக்கூடம், ரேஷன் கடை என்று ஒன்றிரண்டு கிலோமீட்டரே ஓடும் வண்டியில் ஆயில் முழுதாகச் சூடாகாது. வேலூர் வெயிலிலும் இந்த நுரை வரும். கூடவே கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள பேக்கிங்) மேல் சந்தேகம், மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

படி 2: டாப்பெட் கவரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ஓஸைப் பின்தொடருங்கள். அதன் ஒரு முனையில் வால்வு இருக்கும். கவரில் அழுத்திச் செருகியதாக இருந்தால் ஓஸோடு சேர்த்து வெளியே இழுங்கள். இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு வால்வின் வாயை விரலால் அடையுங்கள். விரலை இழுக்கிற உறிஞ்சல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வால்வோ ஓஸோ அடைத்திருக்கிறது. துப்பட்டாவும் தொளதொள சட்டையும் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வு மரை போட்டதாக இருந்தால் இந்தப் படியை விட்டுவிடலாம்.

படி 3: இன்ஜினை நிறுத்தி வால்வைத் தனியாகக் கழற்றிக் குலுக்குங்கள். 'கடகட' என்று ஆட வேண்டும். ஆடினாலே நல்லது என்று சொல்லிவிட முடியாது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சுத்தமான ஓஸ் துண்டை மாட்டி, டாப்பெட் கவர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். மறுபக்கமிருந்து ஊதினால் தடைபட வேண்டும். வாயால் உறிஞ்சாதீர்கள், உள்ளே இருப்பது விஷம்.

படி 4: ஓஸ் இரண்டையும் வளைத்துப் பாருங்கள். வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து ரப்பரை வெடிக்க வைக்கும். வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தால் ஐடிலிங் ஆடும், விசில் சத்தம் வரும். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் இன்ஜின் இப்படித்தான் திணறும்.

படி 5: லேசான அழுக்கு என்றால் ஸ்பிரே அடித்துக் காயவிட்டு மாட்டலாம். ஆனாலும் என்னைக் கேட்டால் கழுவி மாட்டச் சொல்ல மாட்டேன், புதிதே வாங்குங்கள். உங்கள் மாடலுக்கு உரியதாகவே இருக்கட்டும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஸ்பிரிங் வேறுபடும். ஏர் ஃபில்டரையும் அப்போதே பாருங்கள். அதில் ஆயில் நனைந்திருந்தால் வாயு பின்பக்கமாக வந்திருக்கிறது.

எல்லாம் மாற்றிய பிறகும் ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் தளர்த்தினால் 'புஸ் புஸ்' என்று வேகமாக அடித்தால், ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். அடிக்கவில்லையா? பழைய ஆயில் கறையை நன்றாகத் துடைத்துவிட்டு, ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். எங்கள் அட்டை மூன்றாம் நாள் காலையிலும் காய்ந்தே இருந்தது.