பென்சில்வேனியாவில் மருத்துவக் கஞ்சா அட்டை: யாருக்குக் கிடைக்கும், எப்படி எடுப்பது

கீமோ நடந்த மாதங்களில் என் மாமியாருக்கு இரண்டு வாய் ரசம் சாதம்கூட வயிற்றில் தங்கவில்லை. அவருடைய புற்றுநோய் மருத்துவர்தான் இந்த அட்டையைப் பற்றி முதலில் சொன்னார். அவருக்காக விண்ணப்பித்தபோது கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: விசாவை யோசியுங்கள். பென்சில்வேனியா 2016 ஏப்ரலில் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்துவிட்டது. ஆனால் குடிவரவு அதிகாரிகள் பார்ப்பது மத்திய அரசின் சட்டத்தை. மாநிலம் அனுமதித்த கஞ்சாவும் குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தடையாகலாம் என்று 2019-இல் வந்த வழிகாட்டுதலே சொல்கிறது. எச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்கள் தயவுசெய்து குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் பெயரைப் பதிய வேண்டாம். மாமியார் குடியுரிமை பெற்றவர் என்பதால்தான் நாங்கள் துணிந்து இறங்கினோம்.

படி 2: நோய் பட்டியலில் இருக்கிறதா? புற்றுநோய், வலிப்பு, பார்கின்சன், எச்ஐவி, கிளாக்கோமா, கிரோன் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அரிவாள் செல் சோகை, ஆட்டிசம், கடுமையான நாள்பட்ட வலி எல்லாம் உண்டு. பதற்ற நோய் 2019-இல் சேர்ந்தது. சர்க்கரை நோய் மட்டும் இருந்தால் கிடைக்காது. ஆனால் சர்க்கரையால் நரம்பு கெட்டு, ராத்திரியெல்லாம் பாதம் எரிகிறது என்றால், அந்த நரம்புப் பாதிப்பு பட்டியலில் இருக்கிறது. நம் வீடுகளில் பலர் இதைக் கவனிப்பதில்லை.

படி 3: பதிவு. மாநிலச் சுகாதாரத் துறையின் தளத்தில் கணக்கு தொடங்குங்கள். பெயரும் முகவரியும் ஓட்டுநர் உரிமத்தில் அல்லது மாநில அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். நாங்கள் சறுக்கியது இங்கேதான். பாஸ்போர்ட்டைப் பார்த்து, மாமியார் பெயரோடு சேர்ந்து வரும் மாமனார் பெயரை முழுதாக அடித்தோம். அடையாள அட்டையிலோ வெறும் இனிஷியல். இரண்டு முறை திரும்பி வந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடியுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பராமரிப்பாளராகப் பதிய வேண்டும்; அதற்குப் பின்னணிச் சோதனை உண்டு.

படி 4: மருத்துவர். எல்லா மருத்துவரும் சான்று தர முடியாது. 4 மணி நேரப் பயிற்சி முடித்து மாநிலத்தில் பதிந்தவர்களின் பட்டியல் அதே தளத்தில் இருக்கிறது. நோயின் பெயர் எழுதிய அறிக்கை, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். சான்றை அவரே கணினியில் ஏற்றிவிடுவார். அவருக்குத் தனிக் கட்டணம், காப்பீட்டை நம்பாதீர்கள்.

படி 5: பணம். அட்டைக்கு 50 டாலர், அரசு உதவித் திட்டங்களில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. அட்டை தபாலில் வரும்.

படி 6: கடை. அட்டையைக் காட்டி வாங்கும் மருத்துவக் கஞ்சா மாத்திரை, எண்ணெய், நாக்கடியில் விடும் சொட்டு, பூசும் களிம்பு எனக் கிடைக்கும். உலர்ந்த இலையை ஆவியாக்கி இழுக்கலாம், புகைப்பது சட்டப்படி தவறு. அங்கே மருந்தாளுநரிடம் பேச முடியும். சாப்பிடும் மருந்துகளை ஒன்று விடாமல் சொல்லுங்கள், குறிப்பாக வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து), வலிப்பு மாத்திரைகள். மாமியாருக்கு மிகக் குறைந்த அளவில்தான் தொடங்கினார்கள். நான்காம் நாள் அவராகவே ஒரு இட்லி கேட்டார்.

அப்புறம், வாங்கியதைக் காரில் வைத்துக்கொண்டு டெலாவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நியூஜெர்சிக்குப் போகாதீர்கள். அந்தப் பக்கமும் கஞ்சா சட்டபூர்வம்தான், ஆனால் மாநில எல்லை தாண்டி எடுத்துப் போவது மத்தியச் சட்டப்படி குற்றம்.