பஸ்ஸில் நெஞ்சு படபடத்தால் இறங்கிவிடாதீர்கள்

காலை எட்டு மணி, கொழும்பின் காலி வீதி (Galle Road), மிதிபலகை வரை சனம் நிறைந்த 100ஆம் இலக்க பஸ். திடீரென்று நெஞ்சு அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் நுனி விறைக்கிறது, உயிர் போகப்போகிறது என்றே தோன்றுகிறது. இது பனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பயத் தாக்கம்.

முதல் தடவை வந்தால், பனிக் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். வைத்தியரிடம் போய் ஈசிஜி எடுங்கள், தைரொயிட்டுக்கும் இரத்தம் சோதியுங்கள். நெஞ்சை இறுக்கும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

இதயத்தில் குறையில்லை என்று தெரிந்த பிறகுதான் மற்ற வேலை. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுவதால் உடலிலிருந்து கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. தலைச்சுற்றும் விறைப்பும் அதனால் வருபவை; ஒட்சிசன் குறைந்ததால் அல்ல. ஆகவே, பக்கத்தில் நிற்பவர் “நல்லா மூச்சை இழுங்கோ” என்று சொன்னால் கேட்காதீர்கள், அது படபடப்பைக் கூட்டும். மூக்கால் 4 எண்ணும்வரை மெதுவாக உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே. கடதாசிப் பைக்குள் மூச்சு விடுவது ஆபத்து. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் பயம் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும்.

அதற்குள் பஸ்ஸை விட்டு இறங்குவதுதான் பெரிய பிழை. இறங்கியதும் வரும் நிம்மதியை மூளை “தப்பிவிட்டேன்” என்று பதிந்துகொள்கிறது. அடுத்த நாள் ஹோல்டில் நிற்கும்போதே படபடக்கும். பிறகு த்ரீவீல், பிறகு லீவு.

ஏற்கெனவே பஸ்ஸைக் கைவிட்டவர்கள் படிப்படியாகத் திரும்ப வேண்டும். பயத்துக்கு 0 முதல் 10 வரை புள்ளி போடுங்கள். ஞாயிறு காலை போல் சனம் குறைந்த நேரத்தில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை தொடங்குங்கள். அதே பயணத்தில் பயம் 3க்குக் குறையும்வரை திரும்பத் திரும்பப் போங்கள், வாரத்தில் நான்கைந்து நாளாவது. பிறகு கொள்ளுப்பிட்டி, அதன்பின் புறக்கோட்டை, கடைசியில் காலை எட்டு மணி நெரிசல். ஒரு நாள் தைரியம் வந்ததென்று நேரே புறக்கோட்டைக்குத் தாவியவர்கள் பலரும் பயந்து மறுபடி வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை போவதும் காணாது. இடைவெளியில் பயம் பழையபடி வளர்ந்துவிடும்.

கவனிக்காமல் விடும் இன்னொன்று: கதவடி சீற், கையில் தண்ணீர்ப் போத்தல், பையில் ஒரு குளிசை. இவை இருந்ததால்தான் பிழைத்தேன் என்று மனம் நம்பும். ஒவ்வொன்றாக விட்டுவிடுங்கள். மூச்சுப் பயிற்சியும் அப்படி ஒரு தாயத்தாக மாறலாம். பயிற்சியின் பிந்திய கட்டங்களில் அதையும் விட்டு, படபடப்பை வந்து போகவிடுங்கள். வெறும் வயிற்றில் கடும் பிளேன்ரீ வேண்டாம்.

கூட வருபவருக்கு: “ஒண்டுமில்லை, பயப்பிடாதை” என்பது உதவாது, அவருக்கு அந்த நேரம் அது பெரிய விஷயம். “அக்கா, அடுத்த ஹோல்ட் வரைக்கும் இருப்பம்” என்று சொல்லிப் பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். மூன்றாவது நான்காவது பயணத்திலிருந்து அவரைத் தனியே ஏறவிடுங்கள்.

ஒரு மாதம் முயன்றும் அசையாவிட்டால் உதவி தேடுங்கள். மனநல வைத்தியசாலை இருக்கும் அங்கொடை என்ற பெயரைக் கேட்டே கூசிப் பின்வாங்குபவர்கள் நம்மில் அதிகம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் மனநல கிளினிக் உண்டு. மருந்து தந்தால் பலன் தெரியச் சில வாரம் எடுக்கும். முதல் வாரத்திலேயே நிறுத்திவிடாதீர்கள்.